ஐரோப்பாவில் ஈரற் புற்றுநோய்

ஒரு நாட்டில் இவ்வாண்டு ஈரற் புற்றுநோயால் இறந்தோரின் தொகை, அந்நாட்டார் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முறையையே பெரிதும் காட்டுவதாகும். வைரசாயினும் மதுவாயினும் ஈரலைத் தாக்கி, அது மெல்ல மெல்ல வடுப்பட்டுச் சுருங்கி, ஈற்றிற் புற்றுத் தோன்றுவதற்கு அத்துணைக் காலம் செல்கின்றது. இதனை மனத்திற் கொள்ளாது ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிபரங்களை ஒப்புநோக்குவோர் மயங்குவர்.

இத்தாலியை முதற்கண் எடுத்துக்கொள்வோம். கடந்த நூற்றாண்டின் இறுதியில் மேற்கு ஐரோப்பாவில் இந்நோய் மிகுந்திருந்த நாடுகளுள் அதுவும் ஒன்று. 1950களிலும் 1960களிலும், சிறப்பாகத் தென்னித்தாலியில், கண்ணாடி ஊசிக்குழல்களைச் செவ்வனே கொதிக்கவையாது பலர்க்கும் பயன்படுத்தினர். அவற்றின் வழியே ‘சி’ வகை ஈரலழற்சி வைரசு பரவியது. அவ்வைரசு இனங்காணப்பட்டதோ 1989இலேதான். நோய் தீர்க்க இட்ட ஊசியே நோயை விதைத்தமையை அன்று எவரும் அறிந்திலர். பின்னர் ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசிகள் வந்தன. தானமாகப் பெறும் குருதி சோதிக்கப்பட்டது. 1991இல் ‘பி’ வகை ஈரலழற்சிக்கான தடுப்பூசி குழந்தைகட்கும் 12 வயதினர்க்கும் கட்டாயமாக்கப்பட்டது. இன்று அங்கே ஆடவரின் இறப்பு வீதம் வெகுவாகக் குறைந்துள்ளது. இன்றைய ஆட்சியாளர் எவரேனும் அதற்குப் புகழ் கொள்வாராயின், அப்புகழ் அவர்க்குரியதன்று.

பிரான்சில் முதற் காரணம் மது. 1960களின் தொடக்கத்தில் அங்கு வளர்ந்தோர் ஒருவர் ஆண்டொன்றில் அருந்திய தூய மதுசாரம் சராசரி 25 லீற்றரளவு. இன்று ஏறக்குறைய அதன் அரைப்பங்கே. எனினும் குடி குறையத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே ஈரற் புற்றுநோய் இறப்பும் குறைந்தது.

பிரித்தானியாவின் நிலை இதற்கு மாறானது. முன்னர் இந்நோய் அருகியிருந்த அந்நாட்டில், 1990களின் தொடக்கத்திலிருந்து புதிதாக நோயுறுவோர் வீதம் இருமடங்குக்கு மேலாகியுள்ளது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியிற் பெருகிய குடியும், போதை ஊசியாற் பரவிய ‘சி’ வகை வைரசும், உடற்பருமனும், நீரிழிவும் அதற்குக் காரணங்களாம். ஸ்கொத்லாந்து அரசு 2018இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்தது. புற்றுநோய்க் கணக்கில் அதன் முழுப்பயனை உடனே தேடுதல் பொருந்தாது.

இக்கணக்குகளிற் பிறிதொரு சிக்கலும் உண்டு. வேறு உறுப்புகளில் தோன்றி ஈரலுக்குப் பரவிய புற்றையும் ஈரற் புற்றென்றே பழைய இறப்புச் சான்றுகள் பல குறித்துள்ளன. ஆகவே பழைய எண்களை அப்படியே நம்புதல் தகாது.

‘சி’ வகை வைரசை இப்போது சில வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளே நூற்றுக்கு 95 பேரளவில் நீக்கிவிடுகின்றன. ஆயினும் வைரசு நீங்கிய பின்னரும் வடுப்பட்ட ஈரலிற் புற்றுத் தோன்றக்கூடுமாதலின், அத்தகையோரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒலியலைச் சோதனைக்கு வருமாறு மருத்துவர் பணிக்கின்றனர்.