மாசிப் பனியும் மாமரத்துப் பிசுபிசுப்பும்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற நாலு பேர் சேர்ந்து ஒரு தோட்டக் கூட்டணி நடத்துகிறோம். கூட்டணி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. காலை ஆறரைக்கு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். பேச்சு கத்தரிச் செடியில் ஆரம்பித்து, சுகர், பென்ஷன் என்று சுற்றிவிட்டு மறுபடியும் கத்தரிச் செடிக்கே வந்து சேரும். ஒருவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், ஒருவர் தமிழ் வாத்தியார், ஒருவர் மின்வாரியம், நான் வங்கி. ஊர் சேலம்.

மாசி மாதம் இங்கே ஒரு விசித்திரமான பருவம். பகலில் வெயில் 34 டிகிரியைத் தொடும். விடியற்காலையில் 20-ஐ ஒட்டி இறங்கிவிடும். மதியம் ஃபேன் போட்டவர் காலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு வருவார். வானிலைத் துறைக் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம், மார்ச் பிறந்தால் கோடை. நம் பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்.

இந்த மாசியில் கூட்டணிக்குள் ஒரு பஞ்சாயத்து வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் ஒரு மல்கோவா மரம் இருக்கிறது. தை மாதம் பூத்துக் குலுங்கும். மாசி பாதிக்குள் பூவெல்லாம் கருகிக் கொட்டிவிடும். கிளை மதிலைத் தாண்டிப் போவதால் பக்கத்து வீட்டுக்காரர் கார் அந்த மரத்தடியில்தான் நிற்கிறது. தினமும் காலையில் கார் மேலே சின்னச் சின்னத் துளி. துடைத்தால் போகாத பிசுபிசுப்பு. அவர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

"பனிக்குத் தாங்காத மரங்க இது. காயும் இல்ல, சண்டைதான் மிச்சம். ஞாயித்துக்கெழமை ஆள் வரச் சொல்லிட்டேன், வெட்டிடலாம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பனின்னா அப்படித்தான் சார் இருக்கும். அதுக்கு மரம் என்ன பண்ணும்?"

இரண்டு பேருமே பனியைத்தான் குற்றவாளி ஆக்கினார்கள். எனக்கு ஒரு சந்தேகம். மரத்தடியில் நிற்கும் கார் மேல் பனி எப்படி வந்தது?

பனி பெய்கிறது என்று சொல்கிறோம். ஆனால் மழை மாதிரி அது மேலிருந்து விழுவதில்லை. சூரியன் மறைந்ததும் தரை, இலை, கார் கூரை எல்லாமே தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக அனுப்புகின்றன. மேகம் இருந்தால் அது கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிவாக இருந்தால் போனது போனதுதான். இப்படிக் குளிர்ந்த இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். அந்த இலையைத் தொடும் காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே துளியாகப் படிகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலத்தான்.

இதைச் சோதனை செய்து எழுதியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் டாக்டர். பனி மேலிருந்து விழுகிறதா, தரையிலிருந்து எழும்புகிறதா என்று அதுவரை வாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரே எடையுள்ள சின்னச் சின்னக் கம்பளிப் பஞ்சுகளை ராத்திரியில் ஒரு தோட்டத்தில் வைத்தார். ஒன்று உயர்த்தி வைத்த பலகைக்கு மேலே, ஒன்று பலகைக்கு அடியில். காலையில் எடை போட்டால், மேலே இருந்தது பல மடங்கு அதிக ஈரம் வாங்கியிருந்தது. சரி, அப்படியானால் பனி மேலிருந்துதான் விழுகிறதோ? அதற்கும் ஒரு சோதனை. மேலே திறந்த ஒரு மண்குழாயை நிறுத்தி, அதன் நடுவே தரையில் பஞ்சை வைத்தார். விழுவதாக இருந்தால் நேராக உள்ளே விழுந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பஞ்சில் ஈரம் குறைவு. குழாய் வானத்தின் பெரும்பகுதியை மறைத்ததுதான் காரணம். 1814-ல் இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார்.

நாங்களும் செய்து பார்த்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில் ஒரு பஞ்சு, பிளாஸ்டிக் மேஜைக்கு அடியில் ஒரு பஞ்சு, மாமரத்தடியில் ஸ்டூல் போட்டு ஒரு பஞ்சு. சனிக்கிழமை காலையில் மாடிப் பஞ்சு நனைந்திருந்தது. மேஜைக்கு அடியில் இருந்தது காய்ந்தே கிடந்தது. மரத்தடிப் பஞ்சில் ஈரம் இல்லை, ஆனால் விரலில் ஒட்டியது.

மின்வாரியக்காரர் அதை மோந்து பார்த்தார். நக்கிப் பார்க்கப் போனவரைத் தடுத்துவிட்டோம். அதற்குள் ஒரு எறும்பு வந்து எங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. அது பனி இல்லை, சர்க்கரைத் தண்ணீர்.

பூங்கொத்தை லேசாகத் தட்டியதும் ஆப்பு வடிவத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் படபடவென்று குதித்தன. தத்துப்பூச்சி. மா பூக்கும் பருவத்தில்தான் இவை பெருகும். பூங்காம்பில் சாற்றை உறிஞ்சும். சாற்றில் சர்க்கரை அதிகம், பூச்சிக்கு வேண்டிய மற்ற சத்து குறைவு. அதனால் நிறையக் குடித்து, மிச்சச் சர்க்கரையை இனிப்புத் திரவமாக வெளியேற்றும். அதுதான் காரில் விழும் பிசுபிசுப்பு. அதே திரவம் இலையிலும் பூவிலும் படிந்தால் அதன்மேல் கரும்பூசணம் வளரும். நாம் பார்த்து 'பனியில கருகிடுச்சு' என்று சொல்வோம்.

பனிக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. பூவில் வெள்ளை மாவு பூசியது போல வரும் சாம்பல் நோய்க்குக் குளிர்ந்த ராத்திரியும் ஈரக் காற்றும் பிடிக்கும். ஆனால் அது வேறு ஆள். இந்த மரத்தில் நாங்கள் பார்த்த கை கரும்பூசணத்தின் கை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மா, பூக்களில் பெரும்பகுதியை இயல்பாகவே உதிர்த்துவிடும். நூறு பூவில் ஒன்று பழமானாலே அதிகம். மல்கோவா மற்ற ரகங்களைவிடக் கஞ்சம் வேறு.

வாத்தியாரிடம் பழமொழியைப் பற்றிக் கேட்டேன். தை-தரை, மாசி-மச்சு என்று மோனை நன்றாக விழுகிறது, அதற்காகவே சொல்லியிருக்கலாம் என்றார். ஆனால் முன்பனி, பின்பனி என்ற பேர்களில் கவனிப்பு இருக்கிறது என்று அவரே சொன்னார். இரவின் முன்பகுதியில் பனி இறங்குவது முன்பனி, பின்பகுதியில் இறங்குவது பின்பனி. கதிர்வீச்சுக் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. மார்கழி, தையில் பகல் குட்டை, வெயில் மந்தம். தரை பொழுது சாய்ந்ததுமே குளிர்ந்துவிடும். மாசியில் வெயில் ஏறிவிடுகிறது. வாங்கிய சூட்டைக் கொட்டி முடிக்கவே நடுராத்திரி தாண்டிவிடும். அதனால் பனி விடியலை ஒட்டி வருகிறது.

காலை நடைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலே சூடான காற்று மூடி போட்டது போல நிற்கும். குப்பை எரித்த புகை, வண்டிப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே தங்கிவிடும். இளைப்பு உள்ளவர்களுக்கு மாசி விடியல் கஷ்டமாக இருப்பதற்கு, தலையில் இறங்கும் பனியைவிட மூக்கில் ஏறும் இந்தப் புகை முக்கியமான காரணம். வெயில் வந்து அரை மணி கழித்து நடந்தால் மூடி கலைய ஆரம்பித்திருக்கும். எங்கள் கூட்டணியும் இப்போது ஏழரைக்கு மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தார். வெட்ட அல்ல, மதிலைத் தாண்டிய ஒரே ஒரு கிளையைக் கழிக்க. உள்ளே அடர்ந்து கிடக்கும் கிளைகளை அறுவடைக் காலம் முடிந்ததும் கழிக்கலாம் என்று வைத்திருக்கிறோம். வெயிலும் காற்றும் புகாத மரத்தில்தான் தத்துப்பூச்சி குடியிருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலை அடுத்த வருடம் பூ மொட்டு விடும்போதே சாயங்காலமாக அடிக்க வேண்டும். பூ விரிந்த பிறகு அடித்தால் மகரந்தம் சுமக்கும் ஈக்களும் போய்விடும், காயும் போய்விடும். இந்த வருடம் அந்த நேரம் தாண்டிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் காரை இப்போது திறந்த இடத்தில் நிறுத்துகிறார். மெல்லிய தகடு சீக்கிரம் குளிரும் அல்லவா, காலையில் கூரை முழுக்க நனைந்திருக்கிறது. நேற்று ஸ்டேஷன் மாஸ்டர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "இதுதாங்க நெஜப் பனி" என்றார். அவர் ஒரு துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, "மரத்துல வடு ஏதாச்சும் நிக்குதுங்களா?" என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்தோம். பதினொன்று.