இரண்டு பயில்வான் கார்கள்

கார் என்றால் வீட்டிலுள்ள நாலு பேர் சௌகரியமாக உட்கார்ந்து கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய்வர வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். 1970-ல் அமெரிக்க வாலிபர்கள் நினைத்ததே வேறு. சிவப்பு விளக்கு பச்சையானதும் பக்கத்துக் காரை முந்த வேண்டும்! அவர்களுக்காக டெட்ராயிட் கம்பெனிகள் சாதாரணக் காரின் உடம்புக்குள் ராட்சத என்ஜினை வைத்து விற்றன. ‘மஸில் கார்’ என்று அதற்குப் பெயர். பயில்வான் கார் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

அவற்றில் செவர்லேயின் ‘ஷெவெல் எஸ்.எஸ். 454’ உசத்தியா, பிளிமத்தின் ‘ஹெமி குடா’ உசத்தியா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஷெவெலின் எல்.எஸ்.6 என்ஜினுக்கு 450 குதிரை சக்தி என்றது கம்பெனி. குடாவுக்கு 425. ஓடவிட்டால் என்ன? கால் மைலை இரண்டுமே பதின்மூன்று, பதினான்கு வினாடியில் கடந்துவிடும். யார் ஓட்டினார், எந்த டயர் போட்டார் என்பதுதான் வித்தியாசம்.

‘ஹெமி’ என்றால் பாதி. என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும் அறை தேங்காய் மூடியைப் போல் வளைந்திருப்பதால் அந்தப் பெயர். குடாவில் காற்று இழுக்கும் மூக்கு ஒன்று பானெட்டைத் துளைத்துக்கொண்டு தலை நீட்டும். அது என்ஜினோடு பிணைந்தது. ஆகையால் என்ஜின் உறுமும் போதெல்லாம் அதுவும் கிடுகிடுவென்று ஆடும்! ஷெவெலில், தனியாகப் பணம் கொடுத்தவர்களுக்குப் பானெட்டில் ஒரு சின்னக் கதவு வைத்துக் கொடுத்தார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அது திறந்து மூச்சு வாங்கும். எனக்கென்னவோ அந்த ஆடும் மூக்கைத்தான் பிடிக்கிறது.

ஆனால் அந்த மூக்குக்காரி அப்போது விலை போகவில்லை. குடாவில் ஹெமி என்ஜினுக்கு மட்டும் 871 டாலர் கூடுதல். போதாததற்கு, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் இளைஞர்களின் பயில்வான் கார்களுக்குக் கட்டணத்தைத் தாறுமாறாக ஏற்றின. 1970-ல் எல்.எஸ்.6 என்ஜின் நாலாயிரத்துச் சொச்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஹெமி குடா 700-ஐக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷம் ஷெவெலில் எல்.எஸ்.6 கிடையாது. 1971-ஓடு ஹெமியும் நின்றது. அந்தக் கடைசி வருஷத்தில் கூரையை மடக்கும் ஹெமி குடா செய்தது மொத்தம் 11.

வாங்க ஆளில்லாத அந்தப் பதினொன்றில் ஒன்று 2014-ல் ஸியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று! நல்ல எல்.எஸ்.6 ஷெவெலும் லட்சம் டாலரைத் தாண்டுவதுண்டு. ஆனால் குடாவின் உயரம் அதற்கு எட்டாது.

எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. உரைத்துப் பார்க்காமல் யாராவது நகை வாங்குவார்களா? குடாவின் அடையாள எண்ணில் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால், அது ஹெமியோடு பிறந்தது என்று அர்த்தம். என்ஜினை மாற்றினாலும் அந்த எழுத்து மாறாது. ஷெவெலின் எண்ணோ எட்டு சிலிண்டர் என்று சொல்வதோடு நின்றுவிடும். சாதாரண ஷெவெலுக்குப் பெரிய என்ஜின் வைத்து, மேலே இரண்டு பட்டைக் கோடும் போட்டு, “அசல் எல்.எஸ்.6” என்று தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குச் சாட்சி, தொழிற்சாலையில் காரோடு விட்டுப்போன ஒரு காகிதம். என்ன என்ஜின், என்ன சாமான் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். சில கார்களில் ஸீட்டின் ஸ்பிரிங்குக்குள் கிடைக்கும். சிலவற்றில் பெட்ரோல் டாங்கியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். எலி கடித்து, துருப்பிடித்த கறையோடு பாதிதான் மிஞ்சியிருந்தாலும், அந்தத் துண்டுக்காக டாங்கியையே கழற்றி இறக்கிப் பார்க்கிறார்கள் ஷெவெல் பிரியர்கள்.