கந்தோரிலும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

தொழிற்பாதுகாப்பு என்றதும் மாத்தளையில் பலருக்கும் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரமோ மிளகுக் கொடியில் சாத்திய ஏணியோதான் ஞாபகம் வரும். ரத்தோட்டைப் பக்கத் தோட்டக் கந்தோரில் செக்றோல் எழுதும் கிளாக்கரையும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கணக்குப் பார்ப்பவரையும் யாரும் நினைப்பதில்லை. "நிழலில்தானே இருக்கிறார்கள்" என்பதே பேச்சு.

சொல்லிவிட்டா, சொல்லாமலா?

கந்தோரைப் பரிசோதிக்கப் போகிறீர்களா? முதல் முறை சொல்லிவிட்டே போங்கள். ஆட்களுக்குப் பயம் தெளிந்தால்தான் இடுப்பு வலியையும் தலைவலியையும் வாய்விட்டுச் சொல்வார்கள். இரண்டாம் முறை சொல்லாமல் போங்கள். சொல்லி வைத்த நாளில் பூச்சாடி காலையிலேயே கழுவப்பட்டிருக்கும். மேலாளரோடு மட்டும் சுற்றி வருவதில் பயனில்லை. தேநீர் போடுபவரைக் கேளுங்கள். எந்தப் பிளக் சுடுகிறது, கூரையில் எங்கே ஒழுகுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கேத்தல், பிரின்டர், மின்விசிறி மூன்றும் தொங்கினால், அன்றைக்கே கேத்தலுக்குச் சுவரில் தனிப் பிளக் கேளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால்

ஒக்டோபர் மழை தொடங்கினால் டெங்கும் கூடவே வரும். அந்த நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், அதாவது கந்தோர் நேரத்தில். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், அடியில், நீர் வடியும் தட்டு ஒன்று இருக்கும். அதை வெளியே இழுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். நெளியும் புழு தெரிந்தால் நுளம்பு அங்கேயே குடும்பம் நடத்துகிறது என்று அர்த்தம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாளாகும். வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை என்று வையுங்களேன், கழுவினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். கூரைப் பீலி, பூச்சாடி, பாவிக்காத மலசலகூடத் தொட்டி ஆகியவற்றுக்கும் இதே கதைதான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டுக்கு மட்டுமல்ல, கந்தோருக்கும் பொருந்தும்.

கதிரையும் கண்ணும்

கால் தரையில் எட்டாத ஒருவர் ஏ4 தாள் பெட்டியைக் காலுக்கு வைத்திருந்தால் சிரிக்காதீர்கள். அது சரியான வைத்தியம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். மாத்தளையில் ஜன்னலைத் திறந்தால் மலைக்கா பஞ்சம்? முப்பத்தைந்தைத் தாண்டியவர்களை அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு அனுப்புங்கள். பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

நேரமும் பாதுகாப்புத்தான்

தனியார் கடைகளுக்கும் கந்தோர்களுக்குமான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுக்கிறது. மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் பகல் சாப்பாட்டையும் மேசையிலேயே முடிப்பவர்களை எங்கும் காணலாம். இது நல்ல உழைப்பாளிக்கு அடையாளமில்லை, ஆள் பற்றாக்குறைக்கு அடையாளம். அப்படியே அறிக்கையில் எழுதுங்கள்.

புறப்படும் முன் ஒரு வேலை: யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் கூப்பிட வேண்டியது 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கட்டணமில்லை. அந்த இலக்கத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவிட்டு வாருங்கள்.