ஆனியில் முடித்தால் ஆடியில் நிம்மதி

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை நம் எருமப்பட்டி வட்டாரத்தில் அறியாதார் இல்லை. விதைப்பதற்கு ஒரு பருவம் உண்டு. அது தவறினால் விளைச்சல் குன்றும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கும் அத்தகைய பருவம் ஒன்று உண்டு. "இது பெரியவர்கள் பாடு, பத்தாம் வகுப்பு மாணவியருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைக் காணும்வரை.

அவளுடைய தந்தைக்கு இரண்டு லாரிகள். அக்காவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது தந்தையின் வருமான வரிக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். "நமக்குத்தான் வரியே வராதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் தள்ளிப் போட்டிருந்தார். கடைசி நாளும் கடந்துவிட்டது. தாமதக் கட்டணம் செலுத்திக் கணக்கைக் கொடுத்து, கடன் கைக்கு வருமுன் கல்லூரிக் கட்டண நாள் வந்துவிட்டது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

வரிக் கணக்கு என்பது யாது? ஓராண்டில் நாம் ஈட்டியது எவ்வளவு, பிடிக்கப்பட்ட வரி எவ்வளவு, இன்னும் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதை அரசுக்குத் தெரிவிப்பதே ஆகும். நம் நாட்டில் வருமான வரியை 1860-ஆம் ஆண்டு ஜேம்ஸ் வில்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கொண்டுவந்தார். 1857-ஆம் ஆண்டுப் புரட்சியால் காலியான கருவூலத்தை நிரப்புவதே அவர் நோக்கம். அவ்வரி தொடங்கிய ஜூலை 24 இன்றும் வருமான வரி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வரி இல்லை என்பதும் கணக்குக் கொடுக்க வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் பெரும்பாலான வருமானங்களுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஆயினும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நிலத்தில் விளைந்த பயிரின் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. கோழிப்பண்ணை வருமானத்துக்கோ அந்தச் சலுகை இல்லை. முட்டைக்குப் பேர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தார் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இனி, முன்கூட்டியே கொடுப்பதன் நன்மைகளைக் காண்போம்.

முதலாவது, பண இழப்பு இல்லை. கடைசி நாள் தவறினால் 5 லட்சம் வரை வருமானம் உள்ளவர் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவர் 5,000 ரூபாயும் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீத வட்டியும் சேரும்.

இரண்டாவது, மிகுதியாகப் பிடிக்கப்பட்ட வரி விரைவில் திரும்பக் கிடைக்கும். கணக்கைச் சரிபார்க்கும் வேலை பெங்களூரில் உள்ள மையத்தில் நடைபெறுகிறது. முன்னே சென்ற கணக்கு முன்னே முடியும் வாய்ப்பு மிகுதி அல்லவா?

மூன்றாவது, தொழிலில் நஷ்டம் வந்தால் அதைப் பின்வரும் 8 ஆண்டுகள் வரை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். முட்டை விலை சரிந்து நொந்துபோன பண்ணையாளருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் உரிய நாளுக்குள் கணக்குக் கொடுத்தவருக்கே இவ்வுரிமை உண்டு.

நான்காவது, கடன் கேட்கும் வேளையில் சான்று கையில் இருக்கும். பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகள் வைத்திருப்போர் கணக்கேடுகள் இல்லாமலேயே, வண்டிக்கு இவ்வளவு என்று சட்டம் வகுத்துள்ள தொகையை வருமானமாகக் காட்டலாம். ஆகவே, "கணக்கு எழுதவில்லையே" என்று லாரி உரிமையாளர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் ஏப்ரல் முதல் நாளே கொடுத்துவிடலாமா? அதுவும் சரியன்று. சம்பளத்திலும் வங்கி வட்டியிலும் பிடித்த வரிக்கான சான்றிதழ்கள் ஜூன் 15-ஆம் தேதி வாக்கில்தான் கிடைக்கும். அவற்றுடன் ஒப்பிடாமல் அவசரப்பட்டால் பிழை நேரும். சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. இடைப்பட்ட ஆனி மாதமே தக்க பருவம். கணக்கைக் கணினி வழியே அனுப்பிய பின், 30 நாட்களுக்குள் அதை உறுதிசெய்யவும் மறக்கலாகாது.

"கடைசி நாளைத் தள்ளி வைப்பார்கள்" என்று காத்திருப்போரும் உண்டு. 2025-இல் அவ்வாறு செப்டம்பர் 15 வரை அவகாசம் கொடுத்தார்கள்; பிறகு மேலும் ஒரு நாள் சேர்த்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவ்வாறே நடக்கும் என்று எவர் உறுதி கூற முடியும்?

தோழியரே! வரிக் கணக்கை நாம் போட இயலாது. ஆனால் வங்கிப் புத்தகம், பான் கார்டு, சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கித் தர நம்மால் முடியும். எங்கள் தோழி இப்போது அதைத்தான் செய்கிறாள். ஆனி பிறந்ததும் கோப்பைத் தந்தையின் கையில் கொடுத்து, ஆடிட்டரிடம் அனுப்பிவைத்தாள். ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போனார்கள். அடகிலிருந்து மீட்ட சங்கிலி அம்மாவின் கழுத்தில் இருந்தது.

— பத்தாம் வகுப்பு மாணவியர்