பிரியாணிக்கும் மக்கன் பேடாவுக்கும் நடுவில் பிரெஞ்சு சீஸ்!
"உறை எது?" என்று கேட்ட மூதாட்டி, தட்டு இரண்டானது

வாலாஜாபேட்டை,

பிரியாணி முடிந்தது. அடுத்து ஆற்காடு மக்கன் பேடா வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அதற்குப் பதில் ஒரு மரப்பலகை வந்தது! பலகை மேல் மூன்று சீஸ் கட்டி. மூன்றுக்கும் தனித்தனி கத்தி!

வாலாஜாபேட்டையில் ஒரு வீட்டு விருந்தில்தான் இந்தக் காட்சி. வீட்டுக்காரர் தோல் வியாபாரி. "பேரு மட்டும் போட்டுடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். விருந்தாளி, தோல் வாங்க வந்த பிரான்ஸ் நாட்டுக்காரர். நிருபருக்கும் ஓர் இலை கிடைத்தது.

அதன் விவரம் வருமாறு:–

கடைசிக்கு முந்தின பந்தி

பிரெஞ்சுக்காரர்கள் முறையாகச் சாப்பிட்டால் ஒவ்வொன்றாகத்தான் வரும். முதலில் சின்னதாக ஒரு பதார்த்தம். பிறகு மீன் அல்லது கறி, காய்கறியோடு. அதற்குப் பிறகு சீஸ். இனிப்பு அப்புறம்தான். இப்படி வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையே 2010-ம் ஆண்டு யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் சீசுக்கும் ஓர் இடம் உண்டு.

நம் ஊரில் மட்டும் என்ன? சாம்பார், ரசம் என்று எது சாப்பிட்டாலும் கடைசியில் தயிரோ மோரோ விட்டுப் பிசைந்தால்தான் சாப்பாடு முடிந்த மாதிரி இருக்கும். அவர்கள் முடிவும் உறைந்த பால். நம் முடிவும் உறைந்த பால்!

நவாப் பெயர் கொண்ட ஊர்

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஊருக்குப் பெயர் தந்தவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. ஆங்கிலேயர் பக்கம் நின்று பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்தவர். 1760-ல் வந்தவாசிச் சண்டையில் பிரெஞ்சுப் படை தோற்றது.

அந்த வந்தவாசி வழியாகத்தான் இந்த சீசும் வந்தது! மூன்றில் இரண்டு, வீட்டுக்காரர் புதுச்சேரி போய் வாங்கி வந்தவை. திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு வழியாக ஐஸ் பெட்டியில் பயணம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் 1954 நவம்பர் 1-ந் தேதி முடிந்தது. சாப்பாட்டுப் பழக்கம் முடியவில்லை. பக்கத்தில் ஆரோவில்லில் 'லா ஃபெர்ம்' என்ற பண்ணையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக சீஸ் செய்கிறார்கள். கொடைக்கானலிலும் செய்கிறார்கள். சென்னையிலும் கைப்பக்குவமாகச் செய்கிறவர்கள் உண்டு.

மூன்றாவது கட்டி, விருந்தாளியின் பெட்டியில் வந்தது. பெயர் கோந்தே. பிரான்சின் ஜூரா மலைப் பக்கத்துச் சரக்கு. வண்டிச் சக்கரம் போல வட்டமாக இருக்கும். சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது 4 மாதம் கிடங்கில் பழுக்க வேண்டும்.

வெட்டுவதிலும் நியாயம்

பரிமாறவும் சட்டம் இருக்கிறது.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வைக்கக் கூடாது. சில்லென்று இருந்தால் மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. அவர்கள் ஊரில் ஒரு மணி நேரம் வெளியே வைப்பார்கள். வாலாஜா வெயிலுக்கு அரை மணி போதும். அதற்கு மேல் போனால் பலகையில் குளம் கட்டிவிடும்!

சாதுவானதை முதலில் சாப்பிட வேண்டும். நீலப் பூஞ்சணம் ஓடிய காரமான சீஸ் கடைசியில். அதை வெட்டிய கத்தியை மற்றதில் வைத்தால் எல்லாம் அதே வாசனை. அதனால்தான் மூன்று கத்தி.

முக்கோணத் துண்டின் மூக்கை மட்டும் அறுத்து எடுத்துக்கொள்வது மரியாதைக் குறைவு. நல்ல பாகம் ஒருவருக்கு, ஓரத்துத் தோல் மற்றவருக்கு என்றாகிவிடும். நீளவாக்கில் வெட்டினால் நடுவும் ஓரமும் எல்லோருக்கும் கிடைக்கும். கூட ரொட்டி, திராட்சை, அக்ரூட் வைத்தால் போதும்.

மூதாட்டியின் கேள்வி

இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரரின் தாயார் கூடத்துக்கு வந்தார். சுத்த சைவம். அவருக்குச் சமையலும் பாத்திரமும் தனி.

"இன்னாப்பா இது, சோப்புக் கட்டி மாதிரி இருக்குது?"

"பால்தாம்மா. நம்ம தயிரு மாதிரி. நீயும் சாப்பிடலாம்."

அம்மாள் கையை நீட்டவில்லை. "தயிருக்கு நாம உறை மோர் ஊத்தறோம். இவங்க இன்னா ஊத்தறாங்க? கேளு."

மகன் கேட்டார். பிரெஞ்சுக்காரர் மறைக்கவில்லை. "நான் கொண்டுவந்ததற்கு, பால் குடிக்கும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதுதான் உறை" என்றார். கூடம் ஒரு நிமிடம் கப்சிப்!

அந்த உறைக்குப் பெயர் ரென்னட். கன்றின் நாலாவது இரைப்பையில் பாலைத் திரிய வைக்கும் ஒரு சத்து இருக்கிறது. பிரான்சின் பல பாரம்பரிய சீஸ்களுக்கு இன்றைக்கும் அதுதான் உறை. பூஞ்சணத்திலிருந்து எடுக்கும் சைவ ரென்னட்டும் உண்டு. கன்றே இல்லாமல் நுண்ணுயிர்களை வைத்து அதே சத்தைத் தயாரிக்கும் முறைக்கு 1990-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

மகன் புதுச்சேரிப் பாக்கெட்டுகளை எடுத்துப் புரட்டினார். இரண்டிலும் பச்சைப் புள்ளி இருந்தது. வேறொரு தட்டு எடுத்தார். புதுக் கத்தி எடுத்தார். கோந்தே தனிப் பலகைக்குப் போனது.

"எங்க தொழில் தோலு. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் தினம் கையில புரளுது. அதுக்காக அம்மா தட்டுல கேட்காம வைக்க முடியுமா?" என்றார் நிருபரிடம்.

கவனியுங்கள்

வெளிநாட்டு வியாபாரிகள் வந்து போகிற பகுதி இது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் நாளைக்கு இந்தப் பலகை வரலாம். பால்தானே என்று எல்லோருக்கும் நீட்டிவிடாதீர்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா என்று பாருங்கள். புள்ளியே இல்லாமல் பெட்டியில் வந்த சரக்கு என்றால் கொண்டுவந்தவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ் ஆகாது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாள் பச்சைப் புள்ளியில் ஒரு துணுக்கு வாயில் போட்டார். "உப்பு ஜாஸ்தி" என்றார். பிறகு தன் தயிர்ச்சோற்றுக்குப் போனார்.

பிரெஞ்சுக்காரர் எழுந்து போய், அதில் ஒரு கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மக்கன் பேடா அதற்குப் பிறகுதான் வந்தது.