திராட்சையை யாரும் விற்கலாம், ஒயினை அல்ல

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் பாயசத்துக்கும் கேசரிக்கும் நிறுத்து வாங்கும் உலர் திராட்சை, மும்பையின் பெனே இஸ்ரேல் யூதர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டுக்குப் போகிறது. ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய சாறுதான் அங்கே ஒயின். கொச்சி யூதரிடமும் இந்த வழக்கம் இருந்தது. கடையில் ஒயின் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

‘கோஷர்’ எனும் யூத உணவு விதியில் ஒயினுக்குத் தனிக் கணக்கு. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதோடு, யார் கை பட்டது என்பதையும் பார்க்கிறது. பிற தெய்வத்துக்குப் படைத்த ஒயின் ‘யயின் நெசெக்’. அதை அடியோடு விலக்கினார்கள். படைக்கப்படாத, யூதரல்லாதாரின் சாதாரண ஒயினையும் ரபிகள் எனும் யூத மத அறிஞர்கள் தடுத்தார்கள். கூடிக் குடித்தால் பழக்கம் முற்றும், பழக்கம் சம்பந்தம் பேசுவதில் போய் நிற்கும் என்ற பயம்.

நம்மூர்த் தீட்டு நினைவுக்கு வரும். முழுக்க அப்படியில்லை, அதே அயலார் தரும் தண்ணீருக்கோ பழத்துக்கோ இந்தத் தடை கிடையாது. ஆனாலும் விலகி நில் என்கிற எண்ணம் இதிலும் இருக்கிறது. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

எனவே கோஷர் ஒயின் ஆலையில் பழம் பிழிவதிலிருந்து புட்டியை மூடி முத்திரையிடும் வரை, ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூதரே கை வைப்பார். புளிக்காத திராட்சைச் சாற்றுக்கும் இதே கட்டுப்பாடுதான். பிறகு விருந்தில் வேற்று மதத்துப் பரிமாறுபவர் திறந்து ஊற்றினாலும் சிக்கல்.

இதற்கு ஒரு வழி, காய்ச்சிய ஒயின்: ‘மெவுஷால்’. யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதில் ஒரு காட்சி. சாமுவேல் என்ற ரபியும் அவருடைய யூதரல்லாத நண்பர் அப்லாத்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். காய்ச்சிய ஒயின் வருகிறது. தன் கை பட்டால் நண்பருக்கு ஆகாதே என்று அப்லாத் கையை இழுத்துக்கொள்கிறார். காய்ச்சியதற்கு அந்தத் தடை இல்லை என்கிறார் சாமுவேல். இன்று ஆலைகள் ஒயினைச் சில நொடிகள் மட்டும் சூடாக்கிச் சட்டெனக் குளிர்விக்கின்றன. எத்தனை டிகிரி போதும் என்பதில் ரபிகளிடையே ஒத்த கருத்தில்லை; சுமார் 80 டிகிரி செல்சியஸ் போதும் என்பது ஒரு தரப்பு.

இன்னொரு வழிதான் உலர் திராட்சை. சாறு பிரியும் வரை அது வெறும் பழம். யார் விற்றாலும் வாங்கலாம். தடை தொடங்குகிற வேலை முழுதும் வீட்டு அடுக்களையில், வீட்டார் கையிலேயே நடந்துவிடுகிறது. 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் நிற்கும் கொச்சி மட்டாஞ்சேரியில், கோஷர் புட்டி கப்பலில் வரும் வரை யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்கே திரும்புவோம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-இல். அந்தச் சட்டத்துக்கும் இந்தச் சாற்றிடம் வேலையிருந்திருக்காது. உடனுக்குடன் பிழிந்து குடிப்பதால் புளிக்க நேரமில்லை.