சஸ்குவஹானா ஆற்றின் கீழே

நிலக்கரி என்றவுடன் கரும்புகையும் கையில் ஒட்டும் தூளுமே பலருக்கு நினைவுக்கு வரும். அந்திரசைற்று என்னும் வன்னிலக்கரி அத்தகையதன்று. கல்லைப்போல் உறுதியும் கண்ணாடியைப்போல் பளபளப்பும் உடையது. கையில் எடுத்தால் எளிதிற் கறைபடியாது. அதன் நிறையில் மிகப்பெரும் பகுதி காபனே. தீப்பற்றுவது அரிது, பற்றிவிட்டாலோ புகையின்றி, சிறு நீலச்சுடருடன் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

ஐக்கிய அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இக்கரி மலிந்து கிடந்தது. கொல்லர் சிலர் துருத்தியின் துணையோடு அதனைப் பயன்படுத்தினரேனும், வீட்டு அடுப்புக்கு அது உதவாத கல்லென்றே மக்கள் எண்ணியிருந்தனர். 1808ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள், வில்க்ஸ்பாரி என்னும் ஊரில் விடுதி நடத்திவந்த ஜெசி ஃபெல் என்பவர் அக்கரியை இரும்புக் கம்பித்தட்டொன்றின்மேல் அடுக்கித் தீமூட்டினார். கீழிருந்து காற்று தடையின்றி ஏறவே, துருத்தியின்றியே அது எரிந்தது. வேண்டியிருந்தது அவ்வளவுதான். கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் தொடர்ந்து வந்தன. வேல்சு, அயர்லாந்து, இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். 1917ஆம் ஆண்டில் அகழப்பட்ட வன்னிலக்கரி ஏறத்தாழப் பத்துக் கோடித் தொன்.

அதன்பின் இறங்குமுகம். எண்ணெயும் இயற்கை வாயுவும் வீடுகளுக்குள் நுழைந்தன. பெருங்கம்பனிகள் தாமே அகழ்வதைக் குறைத்து, சுரங்கங்களைப் பகுதி பகுதியாகச் சிறு கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. குத்தகைக்காரருக்குத் தொன் கணக்கிலேயே இலாபம். இன்று எடுக்கும் கரியே கண்முன் நின்றது. நாளைய சுரங்கத்தைப் பற்றிக் கவலைப்பட அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

பிற்ஸ்ரன் நகருக்கு அண்மையில், போர்ட் கிரிஃபித் என்னுமிடத்திலிருந்த ‘ரிவர் ஸ்லோப்’ சுரங்கம் அத்தகைய குத்தகைகளில் ஒன்று. பென்சில்வேனியா நிலக்கரிக் கம்பனியிடமிருந்து நொக்ஸ் கம்பனி அதனைப் பெற்றிருந்தது. அருகே ஓடுவது சஸ்குவஹானா என்னும் பேராறு. ஓரிடத்தில் கரிப்படை மேல்நோக்கி வளைந்து, ஆற்றுப்படுகையை நோக்கி ஏறிச் சென்றது. கரியைத் தொடர்ந்த அகழ்வும் அவ்வாறே ஏறிச் சென்றது. கூரைக்கும் ஆற்றுக்கும் இடையே குறைந்தது 35 அடிப் பாறையேனும் இருத்தல் வேண்டும் என்பதே பாதுகாப்பு விதி. துளையிட்டுப் பாறையின் தடிப்பை அளந்தறிவதும் வழக்கம். இங்கே எவரும் அளக்கவில்லை. எஞ்சியிருந்த பாறை ஏறத்தாழ 6 அடி.

1959 சனவரி 22. பனி உருகியும் மழை பெய்தும் ஆறு பெருகி, பனிக்கட்டிகளைச் சுமந்துகொண்டு ஓடியது. முற்பகலில், சுரங்கக் கூரையைத் தாங்கிய முட்டுமரமொன்று வெடித்தது. நீர் உள்ளே பாய்ந்தது. நிலத்தின்கீழ் அப்போது 81 பேர் இருந்தனர். சிலர் ஏற்றிறக்கக் கூண்டை அடைந்து மேலே வந்தனர். ஏனையோர் பனிக்குளிர்ந்த நீர் ஏற ஏற, கைவிடப்பட்ட பழைய வழிகளிலே திசை தேடி அலைந்தனர்.

ஈகிள் என்னும் பழைய காற்றுப்போக்குக் கிணறொன்று இருந்தது. அதனடியை அடைந்த சிறு கூட்டத்திலிருந்து அமேதியோ பங்கோற்றி என்பவர், கயிறோ ஏணியோ இன்றி 50 அடி உயரத்தைக் கைகளாலும் கால்களாலும் பற்றி ஏறி, மேலேயிருந்தோருக்குச் செய்தி சொன்னார். அவ்வழியால் 33 பேர் உயிர் தப்பினர். பின்னர் அவருக்குக் கார்னகி வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. பன்னிருவர் மீளவில்லை. அவர்களுடைய உடல்கள் இன்றுவரை எடுக்கப்படவில்லை.

ஆற்றின் நடுவே பெருஞ்சுழி ஒன்று தோன்றியிருந்தது. அதனை அடைப்பதற்குக் கையாளப்பட்ட முறை வியப்புக்குரியது. கரையோரத்துப் புகையிரதப் பாதையை ஆற்றை நோக்கி வளைத்துவிட்டு, கரிகொள்ளும் பெரும் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழிக்குள் தள்ளினர். அவற்றோடு சிறு சுரங்க வண்டிகளும் வைக்கோற் கட்டுகளும் கரிக்கழிவும் போயின. சுழி அடங்க மூன்று நாட்கள் சென்றன. பின்னர் ஆற்றுத் தீவொன்றின் இருமுனைகளிலும் அணையிட்டு, நீரை வேறுபுறம் திருப்பி, துளையைக் களிமண்ணாலும் கொங்கிறீற்றாலும் மூடினர். அதற்கிடையில் உள்ளே புகுந்த நீர் ஆயிரங்கோடிக் கலன் என மதிப்பிடப்பட்டது. அப்பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் நிலத்தின்கீழ் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தமையால், ஒன்றிற் புகுந்த நீர் அயற்சுரங்கங்களையும் நிரப்பியது. அவற்றை இறைத்து மீட்கும் செலவைத் தாங்க அத்தொழிலிடம் வலுவில்லை. வைஓமிங் பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் பெரும்பாலும் அத்துடன் முடிந்தது.

விசாரணையில் வெளிவந்த செய்தி ஒன்று தொழிலாளரை வெள்ளத்தினும் அதிகமாக வருத்தியிருக்கும். அவர்களுடைய நலன் காக்க வேண்டிய தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர் ஓகஸ்ற் லிப்பியே நொக்ஸ் கம்பனியின் மறைமுகப் பங்காளியாய் இருந்தார். வரி ஏய்ப்புக் குற்றத்துக்காக அவர் பின்னர் சிறை சென்றார்.

நீர் மட்டும் நிலத்தின்கீழ் அடங்கியிருக்கவில்லை. சுரங்கங்களில் நிறைந்தது வீட்டு நிலவறைகளில் ஏறத் தொடங்கியது. ஆகவே 1962ஆம் ஆண்டில் ஓல்ட் ஃபோர்ஜ் என்னும் ஊரில் துளையொன்று இட்டு அதற்கு வழிவிட்டனர். இரும்பு கரைந்த அந்நீர் இன்றும் நாள்தோறும் கோடிக்கணக்கான கலன்களாக லக்கவானா ஆற்றில் வந்து சேர்ந்து, அதன் கற்களைச் செம்மஞ்சளாக்குகின்றது. லக்கவானா சிறிது தொலைவு சென்று சஸ்குவஹானாவிற் கலக்க, அந்நீர் போர்ட் கிரிஃபித் கரையைக் கடந்து போகின்றது.